கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா? எண்டோமெட்ரியோசிஸ் உள்ள ஒரு வாசகிக்கு

கேள்வி: எனக்கு 27 வயது, கோயம்புத்தூரில் ஐடி வேலை. 14 வயதிலிருந்தே மாதவிடாய் வந்தால் முதல் மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. வாந்தி வரும், சில மாதங்களில் மலம் கழிக்கும்போதுகூட உயிர் போகிற மாதிரி வலிக்கும். போன மாதம் ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி இருக்கிறது, இது எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். டைனோஜெஸ்ட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஹார்மோன் மாத்திரை என்பதால் பயந்து இன்னும் தொடங்கவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்ததாம், 39 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் ஒற்றைத் தலைவலியும் உண்டு. கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இது பாக்டீரியாவால் வருகிறது, ஆன்டிபயாட்டிக் போட்டால் போய்விடும் என்று ஜப்பானில் கண்டுபிடித்ததாகப் படித்தேன். உண்மையா? எனக்கு ஏன் இது வந்தது? புது மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்:

14 வயதில் தொடங்கிய வலிக்கு 27 வயதில்தான் பெயர் கிடைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த 13 வருடங்கள்தான் மனதில் நின்றன. இது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. வலி தொடங்கியதிலிருந்து நோய் இன்னது என்று தெரிய 4 முதல் 12 வருடம் வரை ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏதோ அபூர்வ நோய்க்கு இப்படி ஆகிறது என்றால் புரிந்துகொள்ளலாம், ஆனால் இது குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிற நோய். நானும் மருத்துவ மேற்படிப்பு படித்த காலத்தில் "முதல் நாள் வலி எல்லாருக்கும் உள்ளதுதாம்மா, வெந்தயம் போட்டு மோர் குடிங்க" என்று சொல்லி எத்தனையோ பெண்களை அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலருக்கு இது இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. வாந்தி எடுக்கவைத்து மூன்று நாள் படுக்கவைக்கிற வலி சாதாரண மாதவிடாய் வலி கிடையாது. உங்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு என்று யாராவது சொல்லியிருந்தால் அதை இன்றோடு மறந்துவிடுங்கள்.

கல்யாணக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அதுதான் பெரிய பேச்சாக ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணமோ குழந்தையோ இந்த நோய்க்கு மருந்து இல்லை. கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் மாதவிடாய் நிற்பதால் பலருக்கு வலி குறைந்திருக்கும், குழந்தை பிறந்து மாதவிடாய் திரும்பியதும் வலியும் திரும்பி வரலாம். நோயைக் குணப்படுத்துவதற்காகக் கர்ப்பமாகுங்கள் என்று பெண்களிடம் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கல்யாணம் எப்போது, யாரோடு என்பதெல்லாம் உங்கள் விருப்பம், அதை ஒரு சினைப்பைக் கட்டி முடிவு செய்ய வேண்டாம்.

சரி, ஏன் வந்தது? கருப்பையின் உட்புறச் சவ்வு மாதாமாதம் வளர்ந்து உதிர்வதுதான் மாதவிடாய். அதே மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலின் மேலோ சிறுநீர்ப்பையிலோ வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்விலோ ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் மாதாமாதம் ஹார்மோனுக்கு ஏற்ப வீங்கும், கசியும், ஆனால் அந்த ரத்தம் வெளியே போக வழி இல்லை. சுற்றியுள்ள இடம் புண்ணாகி, நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பைக்குள் தேங்கிய பழைய ரத்தம் உருக்கிய சாக்லேட் மாதிரி கருஞ்சிவப்பாகக் கெட்டியாகிவிடுவதால்தான் அந்தப் பெயர்.

அந்தத் திசு அங்கே எப்படிப் போகிறது என்று முதலில் ஒரு தெளிவான விளக்கம் சொன்னவர் ஜான் சாம்ப்சன், அமெரிக்காவில் ஆல்பனி நகரில் இருந்த மருத்துவர். 1921-ல் இந்தச் சாக்லேட் கட்டிகளை விவரித்தார், 1927-ல் மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதில் உள்ள செல்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்று எழுதினார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியும் பாடப்புத்தகத்தில் முதலில் வருவது இதுதான். ஆனால் 1984-ல் ஒரு ஆய்வில், கருக்குழாய் அடைப்பு இல்லாத பெண்களில் 90 சதவீதம் பேருக்கு மாதவிடாய் நேரத்தில் இப்படிப் பின்னோக்கி ரத்தம் போவது தெரிந்தது. எல்லாருக்கும் போகிறது என்றால் பத்தில் ஒருவருக்கு மட்டும் ஏன் நோய்? அதோடு, புராஸ்டேட் புற்றுநோய்க்கு நீண்டகாலம் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனை எடுத்துக்கொண்ட ஆண்கள் சிலருக்கு இந்த நோய் வந்திருக்கிறது. மிக மிக அரிதுதான், ஆனாலும் அவர்களுக்கு மாதவிடாய் எங்கிருந்து வரும்? ஆக, பின்னோக்கிப் போகும் ரத்தம் கதையின் ஒரு பாதிதான். விதை எல்லா நிலத்திலும் விழுகிறது, சில நிலத்தில்தான் வேர் பிடிக்கிறது. இப்போதைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த நிலத்தைப் பற்றியதுதான்.

உங்கள் அம்மாவையும் தலைவலியையும் நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது, ஏனென்றால் அந்த இரண்டும் இந்த ஆராய்ச்சியின் நடுவில் வருகிறவை. ஆஸ்திரேலியாவில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், இந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையைப் பொறுத்தது என்று தெரிந்தது. 2023-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய மரபணு ஆய்வில் நோய் உள்ள 60,000-க்கும் அதிகமான பெண்களையும் இல்லாத 7 லட்சம் பேரையும் ஒப்பிட்டார்கள். நோயோடு தொடர்புள்ள 42 இடங்கள் மரபணுத் தொகுப்பில் கிடைத்தன. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி மாதிரி நீண்டகால வலி நோய்களுக்கும் இதற்கும் மரபணு அளவில் பொதுவான அடித்தளம் இருப்பதும் அதில் தெரிந்தது. ஆகவே உங்கள் வீட்டில் வயிற்று வலியும் தலைவலியும் சேர்ந்தே வருவது வெறும் தற்செயலாக இல்லாமலும் இருக்கலாம். 42 இடம் என்றால் ஒவ்வொன்றின் பங்கும் சின்னது, அதனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் "உனக்கு வரும், உனக்கு வராது" என்று சொல்கிற நிலைக்கு இன்னும் வரவில்லை. அதில் இருந்தவர்கள் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர் என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பெண்களின் மரபணு, வலி விவரங்களைச் சேர்க்கும் ஆய்வை மும்பையில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க நல நிறுவனம் எடுத்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு.

மரபணு தவிர இன்னும் சில விஷயங்கள். வயிற்றுக்குள் தவறி வந்த செல்களை அப்புறப்படுத்த வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்கள் இந்த நோயில் அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை, சில சமயம் அவையே புது ரத்தக் குழாய்களும் நரம்புகளும் வளர உதவி செய்கின்றன. அப்புறம் அந்தத் திசு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜெனைத் தானே தயாரித்துக்கொள்கிறது, அந்த வளர்ச்சியை அடக்க வேண்டிய புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சொல்வதைக் கேட்பதில்லை. மாத்திரை சிலருக்கு நன்றாகக் கேட்டு, சிலருக்குக் கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், பரோட்டா சாப்பிட்டதாலோ, ஜில்லென்று தண்ணீர் குடித்ததாலோ, மாதவிடாய் நேரத்தில் தலைக்குக் குளித்ததாலோ, விளையாடியதாலோ இது வரவில்லை.

இப்போது ஜப்பான் செய்திக்கு வருவோம். அந்த ஆய்வு நடந்தது உண்மை. நகோயா பல்கலைக்கழகத்தில் நடந்து 2023-ல் வெளியானது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கருப்பை உட்சவ்வில் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருந்தது, நோய் இல்லாதவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம்தான் இருந்தது. அந்தப் பாக்டீரியாவை எலிகளுக்குச் செலுத்தியபோது நோய்த் திட்டுகள், அதாவது கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்ந்த திசு, பெரிதாயின, ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது குறைந்தன. படித்தபோது எனக்கும் உற்சாகமாக இருந்தது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள், நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பாக்டீரியா இல்லாமலே நோய் வந்திருக்கிறது. நோயைத் தொடங்கி வைத்ததே பாக்டீரியாதானா, இல்லை ஏற்கெனவே புண்ணான இடத்தில் அது வந்து குடியேறியதா என்பதையும் பிரித்துச் சொல்வது கடினம்.

இன்னொன்று, இப்படி ஆய்வுக்குப் பயன்படுத்தும் எலிக்கு மாதவிடாயே கிடையாது. ஆய்வகத்தில் கருப்பைத் திசுவை எடுத்து வயிற்றுக்குள் வைத்து நோயைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். இந்த நோயில் ஆராய்ச்சி இவ்வளவு மெதுவாக நகர்வதற்கு அது ஒரு முக்கியமான காரணம். மாதவிடாய் வரும் பிராணிகளே உலகத்தில் கொஞ்சம்தான், மனிதர், சில குரங்கினங்கள், சில வௌவால்கள் என்று. முள் எலி என்ற ஒரு வகைக்கு மாதவிடாய் உண்டு என்பதையே ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2016 வாக்கில்தான் கண்டுபிடித்தார்கள். எலியில் வேலை செய்த மருந்து பெண்களிடம் வேலை செய்யாமல் போனது இந்தத் துறையில் பழைய அனுபவம். அதனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள், தயவுசெய்து. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவும் போய், நாளைக்கு நிஜமாகவே ஒரு தொற்று வரும்போது அந்த மருந்து கேட்காமல் போகலாம்.

உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு ஆய்வு இருக்கிறது. 2024-ல் பாஸ்டனில் செய்தது. நோய்த் திட்டில் உள்ள வலி நரம்புகள் சிஜிஆர்பி என்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன, அது எதிர்ப்புச் செல்களின் போக்கை மாற்றித் திட்டுகளை வளரவைக்கிறது என்று கண்டார்கள். அதாவது வலி நரம்பு வலியைச் சொல்வதோடு நிற்காமல் நோயையும் வளர்க்கிறது. ஒற்றைத் தலைவலிக்குப் புதிதாக வந்திருக்கும் மருந்துகள் தடுப்பது இதே சிஜிஆர்பியைத்தான், அந்த மருந்துகளைக் கொடுத்தபோது எலிகளில் வலியும் குறைந்தது, திட்டுகளும் சுருங்கின. இதுவும் எலிதான், மறந்துவிடாதீர்கள். ஆனால் இவை ஏற்கெனவே மனிதர்கள் பயன்படுத்தும் மருந்துகள், அதனால் பெண்களிடம் சோதித்துப் பார்ப்பதற்கான தூரம் குறைவு. ஹார்மோனைத் தொடாத மருந்து ஒன்று நம் கைக்கு வந்தால், குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கும் வலிக்கு ஏதாவது கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம். இன்று அவர்களிடம் நான் கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் நிற்கிறேன். எடின்பரோவில் டைக்ளோரோஅசிடேட் என்ற ஹார்மோன் அல்லாத இன்னொரு மருந்தைச் சோதித்து வருகிறார்கள், அதுவும் இதே தேடல்தான்.

கண்டுபிடிக்கும் முறைகளிலும் மாற்றம் வருகிறது. பிரான்சில் உமிழ்நீரில் உள்ள 109 நுண் ஆர்என்ஏக்களை (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சின்ன மூலக்கூறுகள்) பார்த்து நோயைச் சொல்லும் பரிசோதனையை இப்போது வரையறுக்கப்பட்ட அளவில் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு குழு மாதவிடாய் ரத்தத்தையே சேகரித்து அதில் உள்ள செல்களை ஆராய்கிறது. நாம் அசுத்தம் என்று ஒளித்து எறிகிற ரத்தத்தில் நோயின் அடையாளம் இருக்கிறது என்று ஒருவர் யோசிக்கவே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்த நோய்க்கு ஒரே காரணம் இல்லை, அதனால் ஒரே அடியில் முடித்துவைக்கிற வைத்தியமும் இப்போதைக்கு இல்லை, ஆன்டிபயாட்டிக், கல்யாணம், ஒரு ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் நோயை அடக்கி வைத்து நீங்கள் வேலைக்குப் போய், தூங்கி, சிரித்து வாழ்வதற்கு வேண்டிய மருத்துவம் இன்றைக்கே இருக்கிறது. அதனால் காத்திருக்காதீர்கள்.

டைனோஜெஸ்ட் என்பது புரோஜெஸ்டிரான் வகை மாத்திரை, வழக்கமாகத் தினம் 2 மி.கி., இடைவெளி விடாமல். கருமுட்டை வெளிவருவதையும் ஈஸ்ட்ரோஜெனையும் அடக்கி வைப்பதால் வலி குறையும், பலருக்குக் கட்டியும் சுருங்கும். இதைப் போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லை. நிறுத்தியதும் சில வாரங்களில் முட்டை வெளிவருவது பொதுவாகத் திரும்பிவிடும். சொல்லப்போனால் குழந்தைப்பேறுக்கு இடைஞ்சலாக இருப்பது அடக்காமல் விட்ட நோய்தான். முதல் சில மாதங்களுக்கு நினைத்த நேரத்தில் திட்டுத்திட்டாக ரத்தம் படும், சிலர் பயந்துபோய் அப்போதுதான் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தானாகக் குறையும், மூன்று மாதமாவது கொடுத்துப் பாருங்கள். ஆனால் மனம் காரணமில்லாமல் இருண்டு போனால் அந்த மூன்று மாதம் பொறுக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், சிலருக்கு அப்படி ஆகும். மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பலாம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இது கருத்தடை மாத்திரையாக அனுமதி பெற்றது இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் தலைவலி இங்கே இன்னொரு விதத்தில் முக்கியம். தலைவலி வருவதற்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடுகள், வளைந்து வளைந்து வெளிச்சம் தெரிவது உண்டா? இருந்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த வகைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், பக்கவாத ஆபத்து கூடும். நாளைக்கு டைனோஜெஸ்ட் ஒத்துவரவில்லை என்று வேறு மாத்திரைக்கு மாற்றினால் இந்த ஒரு தகவல் விட்டுப்போகக் கூடாது.

மலம் கழிக்கும்போது வலி என்றீர்களே, அதை ஸ்கேன் அறிக்கையோடு விட்டுவிடாதீர்கள். கல்யாணம் ஆகாத பெண்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள், அதில் சினைப்பைக் கட்டி தெரியும், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஆழமாக இருக்கிற நோய் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேளுங்கள். முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டு, கண்ணால் பார்த்தால்தான் நோயை உறுதி செய்வோம், இப்போது ஸ்கேனும் அறிகுறிகளும் பொருந்தினால் அறுவை செய்யாமலே மருந்து தொடங்கலாம். சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவாது. அதன் எண் கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று இரவெல்லாம் அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால் பெரும்பாலான ஆய்வுகளில் அது நூற்றில் இரண்டுக்கும் கீழேதான் வருகிறது.

அறுவை சிகிச்சை தேவைப்படலாம், படாமலும் போகலாம். 4 செ.மீ. கட்டி என்பதற்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். கட்டியை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் நல்ல முட்டைகளும் கொஞ்சம் போகும், அறுவைக்குப் பிறகு ஐந்து வருடத்தில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு நோய் திரும்பி வருகிறது. மாத்திரை கேட்கவில்லை, வலி தாங்கவில்லை, குடலில் ஆழமாக இருக்கிறது என்றால் அறுவைதான் சரியான வழி, அப்போது இந்த நோயில் நல்ல பழக்கம் உள்ள, தேவைப்பட்டால் குடல் அறுவை நிபுணரும் கூட இருக்கிற இடத்தில் ஒரே தடவையில் நன்றாகச் செய்துகொள்வது நல்லது. அதற்கு முன்னால் முட்டை இருப்பைச் சொல்லும் ஏஎம்ஹெச் பரிசோதனையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், முட்டைகளை உறைய வைத்துக்கொள்வது பற்றியும் தயங்காமல் பேசுங்கள்.

அடுத்த முறை போகும்போது இரண்டு மூன்று மாதக் குறிப்பு கையில் இருக்கட்டும், எந்த நாள் வலி, பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை, எத்தனை நாள் லீவு, தலைவலி எந்த நாளில் என்று. போன் காலண்டரில் போட்டாலே போதும்.

அப்புறம் அம்மா. அவரும் பல வருடம் இந்த வலியைச் சுமந்திருக்கிறார், அவருக்கு யாரும் பெயர்கூடச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். 39 வயதில் கர்ப்பப்பையை எடுத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் அறிக்கையும், எடுத்த திசுவைச் சோதித்த பயாப்ஸி அறிக்கையும் பீரோவில் எங்காவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதில் எண்டோமெட்ரியோசிஸ் அல்லது அடினோமயோசிஸ் (அதே மாதிரியான திசு கருப்பையின் தசைக்குள்ளேயே வளர்வது) என்று எழுதியிருந்தால் உங்கள் மருத்துவருக்கு அது பயன்படும். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்களா என்பதையும் அந்தத் தாளில் பாருங்கள். எடுத்திருந்தால் அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜென் அந்த வயதிலேயே நின்றிருக்கும், எலும்பு தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, உங்களோடு அவரையும் அழைத்துப்போய் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள்.